மணி பாக்குற அக்கா

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்த அந்தப் பெண்ணுக்கு இசைக்குழுவில் குழாய் என்று பெயர். டிராம்போன் என்கிற நீளமான பித்தளை ஊதுகுழல் வாசிப்பவள் என்பதால் வைத்தது. இருபத்திரண்டு வயதில் ஒட்டிய பெயர் நாற்பத்தைந்திலும் உதிரவில்லை, நாமும் அப்படியே கூப்பிடுவோம். சலவைக்கூடத்தில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அங்கே அவள் வெறும் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான்.

குழுவின் பெயர் எதிர்த்தட்டு. அவர்கள் வாசித்தது ஸ்கா-பங்க். பேரைக் கேட்டுப் புருவத்தைத் தூக்குகிறவர்களுக்காகக் கிட்டாரும் வாசிக்கிற குழுவின் பாடகன் ஒரு விளக்கம் வைத்திருந்தான். "ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க. நீங்க எண்ணுற எடத்துல கிட்டார் வராது. ரெண்டுக்கும் நடுவுல வந்து வெட்டும். கால் தானா துள்ளும். அது ஸ்கா. துள்ளிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு பிரேக் புடிக்காத லாரி மாதிரி ஓடுனா அது பங்க். ரெண்டும் சேந்தா நாங்க." இவனைக் கத்தி என்பார்கள். கையில் வைத்திருக்கிற கத்தி இல்லை, கத்திக் கத்திப் பாடியதால் வந்த கத்தி.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரே ஓர் ஆல்பம் போட்டார்கள். அதைக் கேட்டவர்களை ஒரு பேருந்தில் உட்கார வைத்துவிடலாம், நிற்க ஆள் இருக்காது. அதற்குப் பிறகு குழு கலைந்தது. ஏன் கலைந்தது என்பது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. டிரம்ஸ் வாசித்த இடிதான் விலகினான் என்று கத்தி நினைத்துக்கொண்டிருந்தான். கத்திதான் விலகினான் என்று இடி நினைத்துக்கொண்டிருந்தான். தன்னைத்தான் கழற்றிவிட்டார்கள் என்று குழாய் நினைத்து, கொஞ்ச நாள் அழுது, டிராம்போனைப் பெட்டியில் வைத்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். மூவரும் ஆளுக்கொரு காரணத்தோடு இத்தனை வருடம் ஒருவரையொருவர் மன்னித்து வந்தார்கள்.

ஒரு நாள் மதிய இடைவேளையில் அவளுக்குக் கத்தியின் போன் வந்தது.

"குழாய், நம்ம பழைய பாட்டையெல்லாம் இப்ப இருக்கறவங்க தேடித் தேடிக் கேக்குறாங்களாம். மறுபடி வாசிச்சுத் தந்தா புதுசா ஆல்பம் போடறோம்னு ஒரு கம்பெனி சொல்லுது. கம்பெனின்னா பெருசா ஒண்ணுமில்ல, ரெண்டே பேரு. அண்ணன் தங்கச்சி."

"ஏன் கேக்குறாங்களாம்?"

"அதான் எனக்கும் புரியல. நீ வர்றியா?"

"என்னைத்தான் நீங்க கழட்டி விட்டுட்டீங்களே?"

"யாரு? நாங்களா?" என்றான் கத்தி.

இப்படித்தான் எதிர்த்தட்டு மறுபடி சேர்ந்தது. இடி இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துக் கொட்டகை காலியாகக் கிடக்கும். அங்கே இரண்டு மஞ்சள் பேருந்துகளுக்கு நடுவில் மெத்தைகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். முதல் ஞாயிறு யாராலும் ஒரு பாட்டைக்கூட முடிக்க முடியவில்லை. இருபது வயதில் எழுதிய வேகம் நாற்பது தாண்டியவர்களுக்கு மூச்சு வாங்கியது. இடிக்கு முழங்கை பிடித்துக்கொண்டது. கத்தி இரண்டாவது பாட்டிலேயே பேருந்துப் படியில் உட்கார்ந்து, "யாருய்யா இவ்வளவு வேகமா எழுதினது?" என்று கேட்டான். அவன்தான் எழுதியிருந்தான்.

ஆறு ஞாயிறு ஆயிற்று. ஆல்பத்துக்கு 'மறுபடியும் முதல்லேர்ந்து' என்று பேர் வைத்தார்கள். ஒத்திகையில் கத்தி அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். பன்னிரண்டு பாட்டுகளில் ஒன்று குழாய் எழுதியது. இதே சலவைக்கூடத்தில், மடிப்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் எழுதினாள். அப்போதிருந்த மேற்பார்வையாளர், கழிவறைக்குப் போகிறவர்களின் பெயரையும் போன நேரம் வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறிப்பார். அவரை எல்லோரும் மாமா என்பார்கள். அவள் எழுதியது இப்படி:

*மணி பாக்குற மாமா, மணி பாக்குற மாமா,*
*மூச்சு விடப் போறேன், அதையும் எழுதலாமா?*

பதிவு செய்த அன்று அந்த வரியை அவள் மனம்விட்டுக் கத்திப் பாடினாள். பாடி முடித்துத் தண்ணீர் குடித்தாள். வேறொன்றும் தோன்றவில்லை. அந்த நோட்டு இப்போது அவள் கையில்தான் இருந்தது. மாமா ஓய்வு பெற்றபோது மேசை, நாற்காலி, சாவிக்கொத்து, நோட்டு என்று வரிசையாக ஒப்படைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வருடங்களாக அவள் எழுதிக்கொண்டு வந்தாள், வெள்ளிக்கிழமை தோறும் பக்கத்தைக் கிழித்து உறையில் போட்டு நிர்வாக அதிகாரிக்கு அனுப்பினாள். பல் துலக்குவது போல ஒரு வேலை அது. பல் துலக்கும்போது யாரும் யோசிப்பதில்லை.

ஆல்பம் வெளிவந்து மூன்று வாரம் இருக்கும். குழாய் காலையில் உள்ளே நுழைந்தபோது இஸ்திரிப் பகுதியில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே உருளை இயந்திரம் ஒன்று உண்டு. ஈர விரிப்புகளை இந்தப் பக்கம் இரண்டு பேர் விளிம்பு பிடித்து ஊட்டுவார்கள், அந்தப் பக்கம் இரண்டு பேர் சூடாக வாங்கி மடிப்பார்கள். இயந்திரம் ஒரே சீராகத் தட்டும். மடிக்கிறவர்களில் வாய் ஓயாத ஒருத்தி இருந்தாள், அவளுக்கு வானொலி என்று பட்டப்பெயர். அவள் தன் போனைக் காலி பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டிருந்தாள், சத்தம் பெரிதாக வர. இயந்திரம் தட்டும் இடங்களுக்கு நடுவே கிட்டார் வெட்டியது. விரிப்பு பிடித்தவர்களின் தோள்கள் துள்ளின.

"அக்கா, இதைக் கேளுங்களேன்! நம்மள மாதிரியே எங்கேயோ வேலை பாக்குற ஆளு எழுதிருக்கு. யாரோ குழாயாம்."

"அப்படியா?" என்றாள் குழாய். குரல் யாருடையதோ போல வந்தது.

"நாங்க ஒரே ஒரு வார்த்தைய மாத்திட்டோம்." வானொலி சிரித்தபடி மற்றவர்களைப் பார்த்தாள். மற்றவர்கள் விரிப்பைப் பார்த்தார்கள். பாட்டில் அந்த இடம் வந்தது. நான்கு பேரும் சேர்ந்து பாடினார்கள்:

*மணி பாக்குற அக்கா, மணி பாக்குற அக்கா,*
*மூச்சு விடப் போறேன், எழுதிக்குங்க பக்கா!*

குழாய் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் அதுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். எதிரே நோட்டு திறந்து கிடந்தது. இது கிண்டலா, கோபமா, செல்லமா? வானொலிக்கு எல்லோருமே அக்காதான், பொதுவாகச் சொன்னதாகக்கூட இருக்கலாம். ஆனால் மணி பார்க்கிற அக்கா இந்தக் கட்டடத்தில் ஒருத்திதானே? நான் எழுதின பாட்டை என்னைப் பார்த்தே பாடுகிறார்களே, அது என் பாட்டென்று தெரிந்தா, தெரியாமலா? அன்று மூன்று பேர் கழிவறைக்குப் போய் வந்தார்கள். பழக்கத்தில் எழுதிவிட்டாள். எழுதிய பிறகு கையைப் பார்த்தாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர், எந்தப் பிரச்சினையையும் ஏதாவது ஒரு கம்பி அறுந்ததாகவே பார்ப்பார்.

"இதுல என்ன குழப்பம்? நீதான் எழுதினேன்னு சொல்லிடு. முடிஞ்சுது."

"சொன்னா நோட்டைக் கேப்பாங்களே?"

"அப்ப நோட்டை விட்டுடு."

"மேல கேப்பாங்களே?"

"அப்ப பாட்டை விட்டுடு."

"ஆல்பம் வந்திடுச்சே?"

அவர் சற்று யோசித்து, "சாப்பிடு, ஆறிடும்" என்றார்.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று சொன்னாள்: "ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் குழாய் நான்தான். பாட்டு நான் எழுதினது."

ஒரே சிரிப்பு. வானொலிக்குப் புரையேறி, பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. "ஐயோ அக்கா, நீங்க இப்படி ஜோக் அடிப்பீங்கன்னு பன்னெண்டு வருஷமாத் தெரியாமப் போச்சே!"

"நிஜமாத்தான் சொல்றேன்."

"நிஜமா, நிஜமா. நாங்க நம்பிட்டோம். நான்கூட இந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர்தான், இல்ல?"

மறுபடி சிரிப்பு. இஸ்திரி உருளையில் விரிப்பு ஊட்டும் ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதிகம் பேசாதவர் அவர், தட்டைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். குழாய்க்கு உண்மையைச் சொல்லியும் பொய் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அதைவிடக் குழப்பமாக, அவர்கள் நம்பாததில் மனதின் ஒரு மூலை நிம்மதியும் அடைந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆல்பத்தின் அறிமுக நிகழ்ச்சி. ஒரு பழைய இறகுப்பந்து அரங்கில் ஏற்பாடு செய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வானொலி வந்து, "அக்கா, நாங்க எல்லாரும் போறோம். நீங்களும் வாங்க, அந்தக் குழாயை நேர்ல பாத்துடலாம்" என்றாள்.

"எனக்கு அன்னிக்கு வேற வேலை இருக்கு" என்றாள் குழாய். அது பொய்யும் இல்லை.

அரங்கில் முந்நூறு பேர் இருந்தார்கள். பாதிப்பேர் அவள் மேடை ஏறிய காலத்தில் பிறந்தேகூட இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். குழாய் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட டை கட்டி, வெள்ளைச் சட்டையில் நின்றாள். முதல் மூன்று பாட்டு வரை கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. நான்காவதாகக் கத்தி மைக்கைப் பிடித்து, "இது எங்க குழாய் எழுதினது. அவங்களே பாடுவாங்க" என்று சொல்லி நகர்ந்தான்.

அவள் முன்னால் வந்தாள். இடதுபக்கச் சுவரை ஒட்டி, துவைத்து உலர்த்திய வேலை நாள் முகங்கள் ஏழெட்டு வரிசையாக நின்றன. வானொலியின் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து சத்தம் வராததைக் குழாய் முதல்முறையாகப் பார்த்தாள்.

இடி நான்கு தட்டித் தொடங்கினான். கிட்டார் வெட்டியது. "மணி பாக்குற..." என்று தொடங்கியவளுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. மாமாவா, அக்காவா? அவள் எழுதியது ஒன்று, அவர்கள் பாடுவது ஒன்று. எது சரி? தாளம் அவளுக்காக நிற்கவில்லை. கூட்டம் முழுக்க 'மாமா' என்று கத்தியது. இடதுபக்கச் சுவரில் மட்டும் யாரும் எதையும் கத்தவில்லை. அவள் டிராம்போனைத் தூக்கி வாயில் வைத்து, பாட வேண்டிய இடமெல்லாம் ஊதியே தள்ளினாள். வரிகளை முந்நூறு பேர் பார்த்துக்கொண்டார்கள். முடிந்ததும் கைதட்டல் காதைப் பிளந்தது. "என்ன அருமையான யோசனை!" என்று கத்தி அவள் காதில் சொன்னான். யோசனை என்று ஒன்று இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

திங்கட்கிழமை வானொலி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். வாளியில் போன் இல்லை. இயந்திரம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அதை எழுதினதும் நீங்க. இதை எழுதறதும் நீங்க." நோட்டைக் காட்டினாள். "நீங்க எந்தப் பக்கம்?"

மேலிடம் கேட்கிறது என்று சொல்லக் குழாய் வாயெடுத்தாள். மேலிடம் எப்போது கேட்டது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். வரவில்லை. "இரு, நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்று எழுந்தாள். எதைக் கேட்கப் போகிறாள் என்று வானொலிக்கும் விளங்கவில்லை, அவளுக்கும் விளங்கவில்லை.

நிர்வாக அதிகாரியின் அறை நான்காம் மாடியில். நல்ல மனிதர். நோட்டை அவர் மேசையில் வைத்து, "சார், இனிமே இதை என்னால எழுத முடியாது. வேற யாரையாவது பாத்துக்குங்க" என்றாள். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

அவர் நோட்டைப் புரட்டினார். "இது என்னது?"

"கழிவறை நேரம் சார். வெள்ளிக்கிழமை அனுப்புவேனே."

"ஓ, அந்த உறையா!" எழுந்துபோய்ப் பின்னாலிருந்த அலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டு முழுக்கப் பழுப்பு உறைகள், கட்டுக்கட்டாக. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அடியில் கிடந்தவற்றில் மாமாவின் கையெழுத்து இருந்தது. "நான் இங்க வந்தப்பவே வந்துக்கிட்டு இருந்துச்சும்மா. எதுக்குன்னு எனக்குத் தெரியல. இவ்வளவு அக்கறையா அனுப்புறீங்க, நிறுத்தச் சொன்னா மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்."

"யாரும் படிக்கலியா சார்?"

"யாரு படிப்பா?" என்று நிஜமாகவே கேட்டார். பிறகு முகம் மலர்ந்து, "அது கிடக்கட்டும். நீங்க அந்த எதிர்த்தட்டுல வாசிக்கிறீங்களாமே? எம் பொண்ணு நேத்து போட்டோ காட்டினா. காலைல எந்திரிச்சதும் என்னப் பாத்துதான் 'மணி பாக்குற மாமா'ன்னு பாடுது. செம பாட்டு! யாரப் பத்தினது அது?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றாள் குழாய்.

மகளுக்காக ஒரு கையெழுத்துக் கேட்டார். நோட்டிலிருந்தே ஒரு வெற்றுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுக் கொடுத்தாள். மின்தூக்கியில் இறங்கும்போது அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை. கதவுதான் திறந்தது.

கீழே இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். எல்லோரும் கையில் இருந்ததைப் பிடித்தபடியே நின்றார்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்: அலமாரி, உறைகள், பிரிக்காத கட்டுகள். "யாரும் கேக்கல. யாரும் படிக்கல. மாமா எழுதினாருன்னு நானும் எழுதினேன். இனிமே இல்ல. அவ்வளவுதான்."

வானொலிதான் முதலில் சிரித்தாள். "பன்னெண்டு வருஷமா? ஒருத்தருகூடப் பாக்கலியா? அடக் கடவுளே, நான் ஓட்டமா ஓடிப் போயிட்டு ஓட்டமா வந்தேனே!" அது மற்றவர்களுக்கும் தொற்றியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். குழாயும் சிரிக்கத் தொடங்கினாள்.

"எனக்குச் சிரிப்பு வரல."

சொன்னது விரிப்பு ஊட்டும் அம்மா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் சிரிப்பு நின்றது.

"எனக்கு ஏழு மாசம் அப்ப. ஒரு ஷிஃப்டுல மூணு தடவ போனேன். நீங்க கூப்பிட்டு, 'கொஞ்சம் பாத்துக்கோங்க'ன்னு சொன்னீங்க. திட்டல. நல்லபடியாத்தான் சொன்னீங்க. அன்னிலேர்ந்து நான் வேலை நேரத்துல தண்ணியே குடிக்கல. நீர்த்தாரைல புண்ணாகி, ஜுரம் வந்து, பத்து நாள் இதே ஆஸ்பத்திரில ரெண்டாவது மாடில படுத்திருந்தேன். இங்கேர்ந்து போன விரிப்புலதான் படுத்தேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. மூணாவது படிக்கிறான்."

குழாய் என்னென்னவோ சொல்ல நினைத்தாள். மன்னிச்சிடுங்க என்பது மட்டும் வாயில் வந்தது. அது வெளியே வந்ததும் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

"எனக்குத் தெரியாது" என்றும் சொன்னாள்.

"தெரியும்" என்றார் அந்த அம்மா. "நீங்கதானே எழுதினீங்க, மூச்சு விடறதப் பத்தி." விரிப்பின் விளிம்பைத் தேடிப் பிடித்தார். "மெஷினைப் போடுங்க. மேல கேப்பாங்க."

இயந்திரம் ஓடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நோட்டு இல்லை. மேசையின் அந்த இடத்தில் கொஞ்ச நாள் அவள் கை சும்மா போய்ப் போய் வந்தது. வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, விரிப்புகள் எப்போதும் போல மேலே போயின. வானொலி ஒரே வாரத்தில் பழையபடி பேச ஆரம்பித்து, தன் சொந்தக்காரர் எல்லோரிடமும் எதிர்த்தட்டு என் அக்காவோட குழு என்று பெருமையடித்தாள். ஆல்பத்தை மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. அண்ணனும் தங்கையும் இன்னொரு ஆல்பம் வேண்டும் என்றார்கள். கத்தி, "நீ ரெண்டு பாட்டு எழுது குழாய், கோபமா எழுது" என்றான். குழாய் பேருந்துக் கொட்டகையில் தாளை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருந்தாள். யார் மேல் கோபப்படுவது என்று புரியாமல் வெறும் தாளோடு திரும்பினாள்.

விரிப்பு ஊட்டும் அம்மா அவளிடம் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் உண்டு, வேலை உண்டு, பேச்சு இல்லை. குழாய் இரண்டு முறை அவர் பக்கத்தில் போய் நின்று, சொல்ல வந்ததை மறந்தவள் போலத் திரும்பினாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு மதியம் வாளிக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குழாய் அந்த வழியாகப் போனாள். அந்த அம்மா தலை நிமிராமல் கேட்டார்.

"இந்தப் பாட்டுக்கு நடுவுல ஒண்ணு வருமே, யானை அழற மாதிரி. அது நீங்க ஊதறதா?"

"ஆமா."

விரிப்பின் ஒரு முனை உருளைக்குள் நுழைந்து மறுபக்கம் ஆவியோடு வெளியே வந்தது.

"அது மட்டும் நல்லாருக்கு" என்றார் அவர். அடுத்த விரிப்பை எடுத்தார்.

குழாய் அங்கேயே நின்றாள். போகலாமா, இன்னும் ஏதாவது சொல்வாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூட ஊட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்ததால் காற்றில் ஆடிக்கொண்டிருந்த எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்துக் கொடுத்தாள். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.